ஆனியில் ஒரு ஆயுத பூஜை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் குளிர்கால ஜாக்கெட்டைக் கத்திரி வெயிலில்தான் தைப்போம். ஃபேன் காற்றே அனலாக வரும். மடியில் பஞ்சு வைத்த கனமான ஜாக்கெட் கிடக்கும். எந்த ஊரிலோ பனி கொட்டும்போது யாரோ போட்டுக்கொள்ளப் போகிற துணிக்கு நான் கழுத்தில் வேர்வை வழிய ஜிப் வைத்துத் தைத்திருக்கிறேன். டெய்லராகச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, கடைசியில் பிளானிங் செக்‌ஷனுக்கு வந்து உட்கார்ந்தேன். எந்தத் துணி எந்த மாதம் வெட்டுக்குப் போக வேண்டும், எப்போது தைத்து முடிய வேண்டும், எப்போது கப்பலேற வேண்டும் என்று பார்க்கிற வேலை. அந்த நாற்காலி எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. அதனால் ஆர்டர் குறைந்துபோய் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கற்று வைத்திருந்த வேலையை இனி எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

வழி என் வீட்டுக்காரர் மூலமாகவே வந்தது. அவருக்கு அப்படிச் சொன்னால் பிடிக்காது, ஆனால் நடந்தது அதுதான். அவரும் எஸ்டேட்டில்தான், ஒரு லேத் பட்டறையில் வேலை. ஒரு ஆயுத பூஜைக்கு அங்கே கம்ப்யூட்டரில் ஓடுகிற புது மெஷினுக்குப் பெரிய சாமந்தி மாலை போட்டிருக்கிறார்கள். மாலையில் தெளித்திருந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி பேனலுக்குள் இறங்கி, பூஜை முடிந்த மறுநாள் மெஷின் எழுந்திருக்கவே இல்லை. சாமி கும்பிட்ட கையோடு எல்லாரும் முதலாளியிடம் திட்டு வாங்கினார்கள். பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, நான் சாட்டின் ரிப்பனை மடித்து ஒரு சாமந்திப் பூ செய்து பார்த்தேன். பூ மாதிரியே இருந்தது. தண்ணீர் சொட்டாது, இதழ் உதிர்ந்து மெஷினுக்குள் போகாது, அடுத்த வருடமும் போடலாம்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் என் ஆன்லைன் கடை. மெஷின் மாலை என்றே பெயர் வைத்தேன். லேத்துக்கு ஒரு அளவு, டிரில்லிங் மெஷினுக்கு ஒரு அளவு, பைக் ஹேண்டில்பாருக்கு, ஆட்டோ கண்ணாடிக்கு, தையல் மெஷினுக்கு, லேப்டாப்புக்கு என்று தனித்தனி அளவு. ஒரு கறிக்கடைக்காரர் எடை மெஷினுக்குக் கேட்டு வாங்கினார். அளவெடுத்துச் சட்டை தைக்கிற ஊரில் மெஷினுக்கு அளவெடுத்து மாலை கட்டிய முதல் ஆள் நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. இன்று வரை யாரும் வந்து மறுக்கவில்லை.

ஆனால் கடையின் முதல் ஆயுத பூஜை என்னைத் தூக்கிப் போட்டு மிதித்துவிட்டது. மகாளய பட்சத்தில் நம் ஆட்கள் புதிதாக எதையும் வாங்க மாட்டார்கள். அமாவாசை வரைக்கும் போன் மூச்சுவிடவில்லை. நானும் சில மாலைகள்தான் கட்டி வைத்திருந்தேன். அமாவாசை கழிந்து கொலு வைத்ததும் ஒரே சமயத்தில் எல்லாரும் வந்து விழுந்தார்கள். நானும் எதிர் வீட்டு அக்காவும் விரல் வீங்க வீங்கக் கட்டினோம். பாதிப் பார்சல் பூஜை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வருகிற ஆயுத பூஜை மாலையை யார் வாங்கிக்கொள்வார்கள்? திரும்பி வந்த பார்சல்கள் வாசலில் கிடந்தன. கடைப் பக்கத்தில் மக்கள் எழுதிய விமர்சனங்களை இங்கே எழுத முடியாது.

பொங்கல் கழிந்து, என் பழைய கம்பெனியின் சூப்பர்வைசர் மேடம் போன் செய்தார். கம்பெனியில் மறுபடியும் ஆர்டர் வருகிறதாம், பிளானிங்குக்கு என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறாராம். மேடம் நல்லவர். யோசிக்கிறேன் என்றேன். போனை வைத்ததும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"இதுல யோசிக்க இன்னாமே கீது? மாசமானா சம்பளம், பி.எஃப். கீது, காலைல கம்பெனி வேன் வாசலுக்கே வருது. உன் மாலைய லீவு நாள்ல கட்டிக்கோ. யாரு வேணாம்னா?"

"இன்னும் ஒரு ஆயுத பூஜை பாக்கறேன்" என்றேன்.

"அதுவும் போன வருஷம் மாதிரி ஊத்திகினா?"

"விஜயதசமி அன்னிக்கு நானே போயி வேலைல சேந்துடறேன். நீங்க சொல்லவே தேவையில்ல."

மேடத்திடமும் அதையே சொன்னேன். விஜயதசமிக்கு ஆள் சேர்வது எஸ்டேட்டில் வழக்கம் என்பதால் அவரும் சரி, அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். அவ்வளவுதான், பந்தயம் கட்டியாகிவிட்டது. ஒரு பக்கம் என் கடை, மறு பக்கம் கம்பெனி வேன். கம்பெனி வேலை மோசம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இனிமேல் அடுத்தவர் ஜாக்கெட்டுக்கு மாதம் குறிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பொருளுக்கு நானே குறிக்க வேண்டும் என்ற ஆசை எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

பிளானிங் செக்‌ஷனில் முதலில் சொல்லிக்கொடுப்பது பின்னாலிருந்து எண்ணுவதைத்தான். விஜயதசமியில் உட்கார்ந்துகொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். பூஜைக்கு முன்னால் மாலை கைக்குப் போக வேண்டுமென்றால் கொலு ஆரம்பித்த அன்றே பார்சல் கிளம்ப வேண்டும். அப்படியென்றால் மகாளய பட்சத்துக்குள் எல்லா மாலையும் கட்டி முடித்து மூட்டையாக இருக்க வேண்டும். அதற்கு ஆடியும் ஆவணியும் முழுக்கக் கட்ட வேண்டும். ஆடியில் கட்ட ஆனியிலேயே ரிப்பன் வீட்டில் இருக்க வேண்டும். படமும் அப்போதே எடுத்துக் கடையில் ஏற்றிவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு நான் ஆனியில் எழுந்து குளிக்க வேண்டும், அதுதான் கணக்கு.

ஆவடியிலிருந்து ரயிலேறி சௌகார்பேட்டைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறந்த நேரம், ரிப்பன் கடையில் ஒரே கூட்டம். எல்லாரும் ரெட்டை ஜடைக்குக் கறுப்பும் நீலமும் பச்சையும் கேட்டுக்கொண்டிருக்க, நான் சாமந்தி மஞ்சளும் கனகாம்பர ஆரஞ்சும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, எந்த ஸ்கூல்ல மஞ்ச ரிப்பன்?"

"ஸ்கூலுக்கு இல்லண்ணா, ஆயுத பூஜைக்கு."

"போன ஆயுத பூஜைக்கா, வர்ற ஆயுத பூஜைக்கா?" என்று கேட்டுவிட்டு, கடையில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், சிரிக்கட்டும் என்று. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கலரை அந்த மாதத்தில் யாருமே கேட்காததால் உள்ளேயிருந்து நல்ல சரக்காகப் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடிந்தது. புரட்டாசியில் போனால் அடுத்தவர் கழித்துப் போட்டதுதான் கிடைக்கும்.

அடுத்து படம். மாலையை வெறும் தரையில் வைத்துப் படம் எடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள், பூஜை களை இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் பைக்கைக் கழுவி, பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முன்னால் பூசணிக்காய், பொரிகடலை, பழம், தேங்காய் என்று வாசலில் பரப்பினேன். மாலையை ஹேண்டில்பாரில் போட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. தெருவே நின்று பார்த்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாண்ணே, புது வண்டியா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டி, சைலன்ஸரில் துரு. வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். எதிர் வீட்டு அக்கா மட்டும் வெளியே வந்து, முந்தானையை ஏந்திக்கொண்டு, பூஜை முடிந்துவிட்டதென்றால் பொரியைக் கொடு என்றார். கொடுத்தேன். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஆனியில் எங்கள் தெரு முழுக்க ஆயுத பூஜைப் பொரி தின்றது.

பொரி தின்ற வாய்கள்தான் அடுத்த வாரம் எனக்குக் கை கொடுக்க மறுத்தன. இந்தத் தெருவில் பகலில் வீட்டில் இருக்கிற பெண்களில் பலர் என்னைப் போலவே ஏதோ ஒரு தையல் கம்பெனியில் இருந்தவர்கள்தான், நல்ல கைவேலைக்காரர்கள். அவர்களை நம்பித்தான் ரிப்பனை வாங்கி அடுக்கியிருந்தேன். அக்கா வந்தால் மற்றவர்கள் வருவார்கள். அக்காவின் குடும்பம் பருத்திப்பட்டு ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த பழைய குடும்பம். ஆடியில் அம்மன் கோயிலில் முதல் கூழ் அவர்கள் வீட்டுப் பானையில்தான். அவரிடம் போய்ச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார், இந்த வருடத்து ரிப்பன் பூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கூலியும் சரி என்றார். பிறகு காலண்டரை அண்ணாந்து பார்த்தார்.

"ஆடி பொறக்கப் போவுதே. ஆடில புதுசா ஒரு வேலையக் கையில எடுக்க மாட்டோம், உனுக்குத் தெரியாதா? ஆவணி பொறந்தொடனே ஆரம்பிக்கலாம், போ."

"ஆவணில ஆரம்பிச்சா பட்சத்துக்குள்ள முடியாதுக்கா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? நான் ஒத்துகினாலும் மத்தவளுங்க ஒத்துக்க மாட்டாளுங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிளான் போடும்போது கப்பல் லேட்டாகும், துணி லேட்டாகும், கரன்ட் போகும் என்றெல்லாம் சேர்த்துப் பிளான் போட்டிருக்கிறேன். ஒரு முழு மாதத்துக்கு யாருமே வேலையைத் தொட மாட்டார்கள் என்று ஒரு நாளும் போட்டதில்லை. அந்த மாதத்தோடு பிறந்து வளர்ந்தவள்தான் நான், என் கல்யாணமே ஆடிக்காகத் தள்ளிப்போய் ஆவணியில் நடந்தது. அப்படியிருந்தும் மறந்துபோனேன். கம்பெனிப் பிளான் படித்த மண்டையில் ஆடி இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் வேன் வருகிற நேரத்தைக் கேட்டுச் சொல்வார், அதனால் சொல்லவில்லை.

இரண்டு நாள் அடுப்பங்கரையில் பாத்திரங்களோடு சண்டை போட்ட பிறகுதான் அக்கா சொன்ன வார்த்தை சரியாகக் காதில் விழுந்தது. புதுசா எடுக்க மாட்டோம் என்றுதான் சொன்னார். வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லவில்லையே! ஆடியில் யாராவது சமைக்காமல் இருக்கிறார்களா, பாதி கட்டிய வீட்டுக்குப் பூசாமல் இருக்கிறார்களா? ஆரம்பிப்பதுதான் கூடாது. ஆரம்பித்ததை முடிக்கலாம்.

ஆடி பிறக்க ஒரு நாள் இருந்தது. ரிப்பனை வெட்டிக் கட்டாகக் கட்டி, ஊசி நூலோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, இன்னிக்கி ஆனி தான?"

"ஆமா."

"இன்னிக்கி ஒரே ஒரு பூ மடிச்சு நூல்ல கோத்துடுங்க. மாலைய முடிக்க வேணாம். பாதில வெச்சிடுங்க. நாளைலேர்ந்து நாம எதையும் புதுசா ஆரம்பிக்கல. ஆனில ஆரம்பிச்ச வேலைய முடிச்சிகினு கீறோம், அவ்ளோதான்."

அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏண்டி, ஆடியையே ஏமாத்துறியா நீ?"

"ஏமாத்தலக்கா, கேட்டுகினு பண்றேன். நீங்க தப்புன்னா விட்டுடறேன்."

அவர் விளக்கின் முன்னால் போய் ஒரு நிமிடம் நின்றார். திரும்பி வந்து, "பாதில நிக்கற வேலைய அப்படியே உட்டாத்தான் தோஷம். குடு" என்று ஊசியை வாங்கினார். அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். அக்கா வாசலில் நின்று விஷயத்தைச் சொல்வார், நான் ரிப்பனை நீட்டுவேன். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பூ மடித்துக் கோத்து, முடிச்சுப் போடாமல் ஆணியில் தொங்கவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு ஒற்றைப் பூ மாலை தொங்கியது. எந்த எக்ஸ்போர்ட் கம்பெனியும் போடாத பிளான் அது. அதைப் போட்டவள் என்று நான் இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன்.

ஆடி முழுக்கக் கட்டினோம். கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் ரிப்பனைத் தொடவில்லை, அதையும் பிளானில் சேர்த்துவிட்டேன். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலற அலறக் கட்டிய மாலைகள் எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாக ஏறின. கட்டிலுக்கு அடியில், பீரோ மேல், குளியலறை வாசலில் எல்லாம் மூட்டை.

"ஊடா குடோனாமே இது?" என்று வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். "சோறு துன்ன எடம் கீதா?"

ஆவணி பிறந்தது. விநாயகர் சதுர்த்தி வந்து போனது. ஆர்டர் ஒன்றிரண்டுதான் வந்தது. பட்சம் ஆரம்பித்ததும் அதுவும் நின்றது. போன வருடமும் இப்படித்தான் இருந்தது, இது எனக்குத் தெரிந்த மௌனம்தான் என்று புத்தி சொன்னது. மனம் கேட்கவில்லை. போன வருட விமர்சனங்களைப் படித்துவிட்டு யாருமே வராமல் போனால்? இத்தனை பேரை வேலை வாங்கி இத்தனை மூட்டையை என்ன செய்வது? பயந்தேன், நன்றாகவே பயந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் மூட்டைதான் கண்ணுக்குத் தெரியும். மேடம் வேறு ஒரு தடவை போன் செய்து, விஜயதசமிக்கு வந்துவிடுவாய் அல்லவா, மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். நான் போனை வைத்த பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அமாவாசை கழிந்தது. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் கத்த ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. பாடி, அம்பத்தூர், திருமழிசை பட்டறைகள். குமணன்சாவடி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மொத்தமாக ஒரு ஆர்டர். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடம் தன் பஸ்களுக்கெல்லாம் கேட்டது. ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மெஷின் படத்தை அனுப்பி, இதற்கு எந்த அளவு என்று கேட்டார்கள். போன வருடம் இந்த நேரத்தில் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் மூட்டையை அவிழ்த்து, முகவரி ஒட்டி, பார்சல் எடுக்க வருகிறவரிடம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். காலையில் வந்த ஆர்டர் சாயங்காலம் வீட்டைவிட்டுப் போயிருந்தது. தெருப் பெண்கள் வந்து தரையில் வட்டமாக உட்கார்ந்து பேக்கிங் பண்ணினார்கள். அக்கா பார்சல்காரரை மிரட்டுகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். "தம்பி, ஒன்னு லேட்டாச்சு, கூழுக்கு வந்துடாத எங்க கோயிலுக்கு" என்பார்.

பூஜைக்கு முன்பே எங்கள் வீட்டுத் தரை தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் பழையபடி செருப்பு டப்பாக்கள்தான். ஒரு பார்சல்கூடத் திரும்பவில்லை. மாலை போட்ட மெஷின்களின் படங்கள் ஒவ்வொன்றாகப் போனுக்கு வந்தன. லேத், பஸ், ஒரு ஜூஸ் கடையின் மிக்ஸி. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று வீட்டுக்காரரின் பட்டறைக்குப் போனேன். முதலாளி குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். எல்லா மெஷினுக்கும் எங்கள் தெருவில் கட்டிய மாலைதான். கம்ப்யூட்டர் மெஷினுக்கு நானே கட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டதால், கைப்பையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். மேடத்தின் பெயர். என்னிடம் நீட்டுவார் என்று கையை நீட்டினேன். நீட்டவில்லை. தானே பேசினார்.

"வணக்கம் மேடம், அவங்க ஊட்டுக்காரரு பேசறேன். ஆமா மேடம், நாளைக்கு விஜயதசமி. இல்ல மேடம், அவங்க வர முடியாது. சொந்தக் கம்பெனி கீதுல்ல, அத்த யாரு பாக்கறது?" கொஞ்சம் கேட்டுவிட்டு, "மாலை கம்பெனி மேடம். எங்க பட்டறை ஃபுல்லா அவங்க சரக்குதான். உங்களுக்கும் வேணும்னா அடுத்த வருஷம் ஆனிலயே சொல்லிடுங்க" என்றார்.

ஸ்டூலிலிருந்து விழாமல் மெஷினைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாளில் அவர் அதைக் கம்பெனி என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளி காதிலும் விழுந்தது, பட்டறை ஆட்கள் காதிலும் விழுந்தது. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறைக்கவும் இல்லை.

போனைப் பையில் போட்டுவிட்டுக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தி, பெரிய விஷயம் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

"கார்த்திகைல அய்யப்ப சீசன் வருதில்ல? இருமுடிப் பையி, துண்டுன்னு எதுனா போடலாம்மே. ஆனா இப்பவே ஆரம்பிச்சாத்தான் கரெக்டா வரும்."

"இப்ப ஆரம்பிச்சா லேட்டு" என்றேன். "ஆவணிலயே ஆரம்பிச்சாச்சு. அக்கா ஊட்ல ரெண்டு மூட்டை தெச்சு கீது."

"ஆவணிலயா?" என்றார். ஆவணியில் ஒன்றிரண்டு ஆர்டரோடு நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விஜயதசமிக்குப் பிறகு கடை இருக்குமா என்றே தெரியாத மாதம் அது. ஸ்டூலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.